அக்கா பெயர் எழுதிய படிவம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. ஃபிட்டர் ஒருவர் 49 வயதில் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினார். வாங்கி வைத்துவிட்டு நான் முதலில் எடுத்தது அவருடைய ஃபைலை. வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய பிஎஃப் படிவத்தில் நாமினி, அதாவது அவருக்குப் பின் பணம் வாங்க வேண்டியவர், அவர் அக்கா, முழுப் பங்கும். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைப் படிவத்திலும் அக்காதான்.

"அண்ணா, தாலி கட்டுன நிமிஷமே இது ரெண்டும் செல்லாதுங்க" என்றேன்.

"நான் எழுதிக் குடுத்ததை யாருங்க தம்பி அடிக்கிறது? என்னை வளர்த்ததே அக்காதானுங்க."

யாரும் அடிப்பதில்லை, விதியே அடித்துவிடும். குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். கல்யாணம் ஆனதும் அது தானாகவே ரத்து. புதிதாக எழுதும்போது குடும்பத்தாரைத்தான் எழுத முடியும். பிஎஃப் கணக்கில் கூடப்பிறந்தவர்கள் குடும்பத்தில் சேர மாட்டார்கள். கிராஜுவிட்டிக்குப் புதுப் படிவம் கொடுக்க அப்போது 90 நாள் கெடு.

நான் இவ்வளவு உஷாரானதற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில வருஷம் முன்பு, தாமதமாகக் கல்யாணம் செய்த இன்னொருவர் இறந்துபோனார். படிவத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. தங்கை பழைய படிவத்தின் நகலோடும், மனைவி கல்யாண ஃபோட்டோவோடும் என் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

சரி, ஃபிட்டர் கதைக்கு வருகிறேன். 51 வயதில் அவருக்கு மகள் பிறந்தாள். 58-ல் ரிடையர் ஆகும்போது அவள் இரண்டாம் வகுப்பு. முப்பது வருஷ சர்வீஸ் இருந்தும் பிஎஃப் பென்ஷன் மாதம் நாலாயிரம் சொச்சம்தான். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு அதுவும் 6,500 தான். அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி, மகளுக்கு அந்தப் பாதியில் கால்பங்கு, 25 வயது வரை. கணக்குப் போட்டுக் காட்டினேன். "நோட்டுப் புஸ்தகத்துக்கு ஆகுமுங்க" என்று சிரித்தார்.

பிஎஃப் பணம் வந்ததும் ஒரு பங்கை அக்கா பெயரில் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டார். பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார். அக்கா எழுதிய நாமினி, அந்த இரண்டாம் வகுப்புக்காரி.