அருந்ததி பார்க்க வந்த பாட்டியும் என் ஒளியியல் பாடமும்

உங்கள் கல்லூரி வானோக்ககத்தில் பொதுமக்களுக்கு வானம் காட்டும் மாலைகள் உண்டென்றால், உதவிக்குப் பெயர் கொடுங்கள். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டில் பகுதிறன் (நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் திறன்) பாடம் எனக்குப் புரிந்தது, வானம் பார்க்க நின்றவர்களின் வரிசை முனையில்தான்.

ஏப்ரல் மாதம். சப்தரிஷி மண்டலம் வடக்கே ஏறியிருந்தது. ஒரு பாட்டி வந்தார். "கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததியைக் காட்டினார்கள். தெரிகிறது என்று தலையாட்டினேன். இன்றைக்காவது காட்டு தம்பி" என்றார். வசிஷ்டரையும் பக்கத்தில் மங்கலான அருந்ததியையும் வெறும் கண்ணுக்கே காட்டினேன். பிறகு தொலைநோக்கியில் பார்த்தவர், "வசிஷ்டரே இரண்டாக இருக்கிறாரே! கண்ணுக்கு ஏன் ஒன்றாகத் தெரிந்தது?" என்றார். சூத்திரம் மனப்பாடம், பதில் வரவில்லை.

அன்றிரவே கணக்குப் போட்டேன். ஒரு டிகிரியில் 3600 வில்விநாடிகள். வசிஷ்டரின் இரு விண்மீன்களுக்கு இடைவெளி சுமார் 14. நம் கண் ஏறத்தாழ 60 வரைதான் பிரித்துக் காணும். அருந்ததி சுமார் 700 தள்ளி நிற்பதால் தனியாகத் தெரிகிறது. எங்கள் தொலைநோக்கி ஆடியின் விட்டம் 200 மில்லிமீட்டர். ஒளியின் 550 நானோமீட்டர் அலைநீளத்தை அதனால் வகுத்து 1.22-ஆல் பெருக்கி, வரும் ரேடியனை வில்விநாடியாக மாற்றினால், அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும்: 0.7 வில்விநாடி. 14 அதற்கு எம்மாத்திரம்!

தமிழ்நாட்டில் காவலூர் வானோக்ககத்தின் 2.34 மீட்டர் விட்டத் தொலைநோக்கிக்கு இதே கணக்கு 0.06 தருகிறது. ஆனால் காற்றின் கலக்கம் படத்தை அவ்வளவு கூர்மையாக விடாது. இந்த வேறுபாட்டை விளக்கத் தெரிந்தால் வாய்மொழித் தேர்வில் தடுமாற மாட்டீர்கள்.

நிலவைக் காட்டப் பௌர்ணமி வேண்டாம். நிழல் விழாததால் பள்ளங்கள் எடுபடாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி குளிர, கருவியை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வையுங்கள். முதலில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு லென்ஸ் போதும். 1200 மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்கு 48 மடங்கு உருப்பெருக்கம். அதிக உருப்பெருக்கத்தில் பொருள் பார்வையை விட்டு விரைவில் நகர்ந்துவிடும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் வேண்டும் என்பதால் செல்பேசி வெளிச்சத்தைக் கண்டிப்பாகத் தடுங்கள். குழந்தைகளுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

ஒரு சிறு நோட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும். பதில் தெரியாத கேள்வியை, கேட்டவர் எதிரிலேயே எழுதிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். பாட்டி வந்தார். கண்ணின் வாசல் சில மில்லிமீட்டர், இந்த ஆடியோ ஒரு சாண் அகலம் என்று தொடங்கினேன். கடைசி வரை நின்று கேட்டார்.