எத்தனை முறை சொல்ல வேண்டும்?

பாலியல் வன்முறைக்கு ஆளான பிறகு வந்த பன்னிரண்டு நாட்களில், நடந்ததை நான் ஆறு பேரிடம் ஆறு முறை சொன்னேன். ஏழாவது முறையாக இங்கே சொல்லப்போவதில்லை. சொன்ன இடங்களைப் பற்றியும், கேட்டவர்கள் கேட்ட விதத்தைப் பற்றியும், உதவி என்ற பெயரில் கிடைத்தவற்றுள் எது உண்மையிலேயே உதவியது என்பதைப் பற்றியும் மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் தோழியிடம் சொன்னேன். பாதி வாக்கியத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மீதியை அவள் கேட்கவில்லை. “இப்போது நீ இருக்கும் இடம் பாதுகாப்பானதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் புறப்பட்டு வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் உதவி எண்ணை அழைத்தேன். அது இரண்டாவது முறை. மறுமுனையில் இருந்தவர் பெயரையோ முகவரியையோ கேட்காமல், அவசரமானவற்றை முதலில் சொன்னார். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கருத்தடைக்கான அவசர மாத்திரைக்கு ஐந்து நாள்வரை வாய்ப்பு உண்டு என்றாலும் அதற்கும் தாமதம் நல்லதல்ல. அணிந்திருந்த உடைகளைப் பிளாஸ்டிக் பையில் அல்லாமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். நான் அதற்குள் குளித்துவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் நானே அழித்துவிட்டேனோ என்று கேட்டபோது, குளித்த பிறகும் தடயம் கிடைக்கக்கூடும் என்றும், தடயமே கிடைக்காவிட்டாலும் சிகிச்சைக்காக நான் போக வேண்டும் என்றும் அவர் சொன்னார். அந்த ஒரு பதில் இல்லாவிட்டால் நான் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது முறை, மருத்துவமனையின் பதிவு மேசையில். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்க, “என்ன பிரச்சினை? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்” என்று கேட்கப்பட்டது. கேட்டவர் கெட்டவர் அல்லர். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு நேர்ந்த சிகிச்சைக் குறைகளில் மிகப் பெரியதாக நான் இன்றும் கருதுவது அந்த மேசையைத்தான். ஒரு தனி அறையும், “உடனடியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்” என்று மட்டும் சொன்னால் போதும் என்ற ஒரு விதியும் இருந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். நான்காவதாகப் பணியிலிருந்த இளம் மருத்துவரிடம் சொன்னேன். முழுவதையும் எழுதி முடித்த பிறகு, பரிசோதனையைச் செய்யப்போவது தான் அல்ல, அடுத்த முறைப்பணிக்கு வருபவர் என்றார்.

ஆதரவுப் பணியாளர் வந்தது அப்போதுதான். அவர் மருத்துவமனையைச் சேர்ந்தவரும் அல்லர், காவல்துறையைச் சேர்ந்தவரும் அல்லர். பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருப்பதே அவருடைய வேலை. என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. இதுவரை எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். நான்கு என்றேன். இனி அவசியமானவர்களிடம் மட்டும் சொன்னால் போதும், யார் அவசியம், ஏன் அவசியம் என்பதை முன்கூட்டியே சொல்கிறேன் என்றார்.

ஐந்தாவது முறை உண்மையிலேயே அவசியமாக இருந்தது. பரிசோதனை செய்யும் மருத்துவருக்கு, எங்கே காயம் தேட வேண்டும், எங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அதைக் கேட்கும் காரணத்தைச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் சம்மதம் கேட்டார். ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு இன்னொன்றை மறுக்கலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம், மறுத்ததற்காகச் சிகிச்சை நிறுத்தப்படாது என்பதையெல்லாம் அப்போதுதான் அறிந்தேன். இரண்டு இடங்களில் மறுத்தேன். அதற்காக அவர் முகம் மாறவில்லை. கன்னித்தன்மைப் பரிசோதனை என்ற பெயரில் செய்யப்படுவதற்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை என்றும், அதை அடியோடு கைவிட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐ.நா. அமைப்புகளுடன் சேர்ந்து அறிவித்திருக்கிறது. அப்படி யாராவது செய்ய வந்தால் மறுக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 28 நாட்கள். ஒரு நாளும் விடக்கூடாது, முதல் வாரம் குமட்டல் இருந்தது. அவசர மாத்திரையை விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் விழுங்க வேண்டும் என்றார்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் முதல் தவணையும் அன்றே போடப்பட்டது.

ஆறாவது முறை, வாக்குமூலம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்குப் பத்து நாட்கள் தேவைப்பட்டன; அதுவரை யாரும் என்னை அவசரப்படுத்தாதபடி பணியாளர் பார்த்துக்கொண்டார். விசாரித்த அதிகாரி “அடுத்து என்ன? அதற்கு அடுத்து?” என்று வரிசையாகக் கேட்கத் தொடங்கினார். எனக்கு வரிசை நினைவில் இல்லை. ஒரு கதவின் ஓசையும் விளக்கின் நிறமும் துல்லியமாக நினைவிருந்தன. எது முன், எது பின் என்பது கலங்கிக் கிடந்தது. ஏன் கத்தவில்லை என்ற கேள்வியும் வந்தது. உடல் உறைந்து போனது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அது கோழைத்தனமோ சம்மதமோ அல்ல, ஆபத்தில் உடல் தன்னிச்சையாகச் செய்வது என்று பிற்பாடு படித்தேன். ஸ்வீடனில் அவசர சிகிச்சை மையம் ஒன்றுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 விழுக்காட்டினர் இத்தகைய உறைநிலையைக் குறிப்பிடத்தக்க அளவில் அனுபவித்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட இரவுதான் நான் ஓரளவு தூங்கினேன்.

திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது மனத்தை நோகடிப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும். அந்த வேறுபாட்டைக் காட்டியே பின்னால் நம்மைப் பொய்யர் ஆக்க முடியும். குழந்தைகள் விஷயத்தில் இதை முன்பே உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஹன்ட்ஸ்வில் நகரில் 1985-இலும், ஐஸ்லாந்தில் 1998-இலும் தொடங்கப்பட்ட குழந்தைகள் மையங்களில், குழந்தை பல அலுவலகங்களுக்கு அலைவதற்குப் பதிலாக, மருத்துவரும் விசாரணையாளரும் ஆலோசகரும் அந்தக் குழந்தை இருக்கும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். பெரியவர்களுக்காக 1986-இல் மான்செஸ்டரில் ஒரு மருத்துவமனையில் இப்படி ஒரு மையம் தொடங்கப்பட்டது. வழி தெரியாததால் அல்ல, அந்த வழி இன்னும் பல இடங்களுக்கு வந்து சேராததால்தான் நான் ஆறு முறை சொல்ல நேர்ந்தது.

அது இல்லாத இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு தாள். வாக்குமூலத்துக்குப் பிறகு பணியாளரும் நானும் உட்கார்ந்து அதை எழுதினோம்: எந்தத் தேதியில் என்ன பரிசோதனை, என்ன மருந்து, அடுத்து எந்தத் தேதியில் என்ன சோதனை, என்னைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்ற வேண்டுகோள். நடந்த நிகழ்வைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான். தான் எழுதி வைப்பதை நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம் என்பதையும், அதனால்தான் சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் எழுதுவதாகவும் அவர் மறைக்காமல் சொன்னார். ரகசியம் காக்கப்படும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், அதன் எல்லையையும் சொன்னதால்தான் அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

மனநல ஆலோசகரிடம் போனபோது, வழக்கம்போல் ஆரம்பிக்க வாயெடுத்தேன். அவர் தாளைப் படித்துவிட்டு, “இன்று நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை, தூக்கம் எப்படி இருக்கிறது?” என்றார். நிகழ்வு முடிந்த கையோடு அதை விவரிக்கும்படி வற்புறுத்துவது பயன் தராது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். முதல் ஐந்து சந்திப்புகளில் தூக்கத்தையும் பயத்தையும் மூச்சையும் பற்றி மட்டுமே பேசினோம். தயாராகும் நாளை நானே சொல்லலாம் என்றார். அந்த நாள் இன்னும் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து எச்.ஐ.வி. மறுபரிசோதனைக்குப் போனேன். மேசையில் புதியவர் ஒருவர் இருந்தார். “எதற்காக வந்திருக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டதும் தாளை நீட்டினேன். அவர் அதை முழுவதும் வாசித்தார். பிறகு, இரத்தம் எடுக்க எந்தக் கை வசதி என்று மட்டும் கேட்டார்.