எழுதிக் கொடுத்த காகிதம் போதாது

குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் வரும்போது பெரும்பாலும் மறுநாள் முகூர்த்தம். சொல்பவர் தன் பெயரைச் சொல்லவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். ஊர், மண்டபம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். கூடவே பெண் படித்த பள்ளியையும் சொல்லிவிடுங்கள்.

வயதுக்கு வீட்டார் ஆதாரை நீட்டுவார்கள். அது செல்லாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமென்றால் பள்ளி பூட்டியிருக்கும். வெள்ளியன்றே தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டு நகலை வாங்கிவிட வேண்டும்.

பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மா பக்கத்தில் நின்றால் "எனக்குச் சம்மதம்" என்பதைத் தவிர வேறு சொல் வராது. வீட்டில் விட்டால் ஆபத்து என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும்.

கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். "18 முடியாமல் கட்டிவைக்க மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். விடியற்காலையில் பக்கத்து மாவட்டத்துக் கோயிலில் தாலி ஏறிவிடுகிறது. அந்தக் காகிதத்தை நம்பவே கூடாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன் 13-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்குங்கள். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரான மாவட்ட சமூக நல அலுவலர் மட்டுமல்ல, விவரம் நேரடியாகத் தெரிந்த எவரும், தொண்டு நிறுவனமும் மனுப் போடலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். தடையை மீறிக் கட்டிய தாலி, 14-ஆம் பிரிவுப்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஆணையின் நகலை மண்டபக்காரர், புரோகிதர் கையிலும் கொடுங்கள். திருமணத்தை நடத்திவைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு என்று தெரிந்தால் அவர்களே பின்வாங்குவார்கள்.

தடையாணை இல்லாமல் நடந்துவிட்ட திருமணம் தானாக ரத்தாகாது. பெண்தான் வழக்குப் போட வேண்டும். இது பெரிய அநியாயம். கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, குழந்தைத் திருமணமே செல்லாது என்றாக்கியது. மற்ற மாநிலங்களும் அப்படிச் செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கும் அந்தத் திருத்தம் வர வேண்டும். அதுவரை 3-ஆம் பிரிவுதான் வழி. 18 ஆகாத பெண்ணுக்காகக் காப்பாளரோ நெருங்கியவரோ தடுப்பு அலுவலருடன் சேர்ந்து மனுப் போடலாம். அதே மனுவில் நகை, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்; மறுமணம் வரை ஜீவனாம்சமும் கேளுங்கள். பிள்ளை பிறந்திருந்தால் அதன் சட்டப்படியான உரிமை குறையாது. கெடு மட்டும் கண்டிப்பு: பெண்ணுக்கு 20 வயது நிறைவதற்குள் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும்.