கேஸ் போடாம விட்டுட்டாங்க

என் சித்தப்பா ஒருமுறை, தன் மகனை ராத்திரி முழுக்க வைத்து அடித்த போலீஸ்காரர்களுக்கு, விடிந்ததும் டீயும் பன் மஸ்காவும் வாங்கிக் கொடுத்தார். கூடவே ஒரு கவரில் நாலாயிரம் ரூபாய். கையெடுத்துக் கும்பிட்டு, தெரிந்த அரைகுறை இந்தியில் ‘படி மெஹர்பானி சாப்’ என்று வேறு சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அப்போது நன்றியாகத்தான் இருந்தது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

2013, மும்பை தாராவி. தம்பிக்கு, அதாவது சித்தப்பா மகனுக்கு, 19 வயது. தோல் பை தைக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான் (பத்துக்குப் பத்து அறையில் நாலு மெஷின் கிடந்தாலும் எங்கள் பக்கம் அது கம்பெனிதான்). முதலாளியின் செல்போனைக் காணவில்லை, கடைசியாக அறையைப் பூட்டியது இவன், அவ்வளவுதான் விஷயம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இரண்டு பேர் மஃப்டியில் வந்து, சும்மா கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிப் போனார்கள். நாங்கள் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றோம். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். ஒரு ஹவல்தார் ரெஜிஸ்டரைத் திருப்பியே காட்டினார், நிஜமாகவே அவன் பெயர் அதில் இல்லை. காலை ஆறரைக்கு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். செருப்பு கையில் இருந்தது. காலில் போட முடியவில்லை.

ஊரில் பட்டா என்றால் நிலத்துக்குக் கிடைக்கிற காகிதம். மராத்தியில் பட்டா என்றால் பெல்ட். அவன் உள்ளங்காலில் விழுந்தது இந்த இரண்டாவது பட்டா. காகிதம் என்று எதுவுமே கிடையாது.

போன் மூன்றாம் நாள் தோல் கட்டுக்கு நடுவில் கிடந்தது. முதலாளி வந்து பார்த்து வருத்தப்பட்டார், அந்த மாதச் சம்பளத்தில் ஐநூறு சேர்த்துக் கொடுத்தார். ஸ்டேஷனிலிருந்து யாரும் வரவில்லை. எதற்கு வரப்போகிறார்கள், அவர்கள் கணக்கில் அப்படி ஒரு ராத்திரியே நடக்கவில்லையே. எங்கள் வீட்டிலும் ஒரே பேச்சுதான்: ‘நல்லவேளை, கேஸ் போடாம விட்டுட்டாங்க.’

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு எங்கள் கணக்கு தெரியாது. கேஸ் என்றால் பாஸ்போர்ட் போச்சு, வளைகுடா வேலை போச்சு, பத்து வருஷம் கோர்ட் வராண்டாவில் நிற்கணும், பெண் பார்க்கப் போனால் அங்கேயும் அது முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அடி என்றால் மஞ்சள் பத்து போட்டு ஒரு வாரத்தில் எழுந்துவிடலாம். அதனால் அடி சலுகை, கேஸ் தண்டனை. இந்தக் கணக்கைப் போலீஸும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது, அதற்குத்தான் அந்தக் கவர்.

சரி, 2020க்கு வருகிறேன். தாராவியில் ஏப்ரல் 1ஆம் தேதி முதலாவது கேஸ் (இது கொரோனா கேஸ்). பொதுக் கழிப்பறைக்குப் போக வரிசையில் நின்றாலே லத்தி. வீட்டுக்குள் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் உள்ளேயே இரு என்றால் எங்கே இருப்பது என்று யாரும் கேட்கவில்லை. தோப்புக்கரணம் போடவைக்கிற வீடியோக்களும் தவளைபோலத் தாவவைக்கிற வீடியோக்களும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும், கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சித்தப்பாவும் போடுவார்.

ஜூன் கடைசியில் அதே குரூப் எரிந்தது. எங்கள் ஊர் சாத்தான்குளத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் என்பது தெரிந்ததுதான், அதனால் ஜெயராஜும் பென்னிக்ஸும் எங்களுக்குச் செய்தித்தாள் பெயர்கள் இல்லை. செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று கூட்டிப் போன அப்பாவும் மகனும், 22ஆம் தேதி ராத்திரியும் 23 விடிகாலையும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். இரண்டு பேருக்கும் சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. சித்தப்பா சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைத்தெருவில் தான் சின்ன வயதில் சைக்கிள் மிதித்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார், நடுவில் நடுவில் அழுதார், ‘இவனுங்கள நடுரோட்டுல நிக்க வச்சு’ என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

தம்பி அதுவரை வாயே திறக்கவில்லை. அப்புறம் கேட்டான்: ‘என்னை அடிச்சப்போ நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்களேப்பா.’

அந்த வீட்டில் அப்புறம் ரொம்ப நேரம் மிக்ஸி சத்தம்கூட இல்லை.

அந்தக் கேள்வியை நான் இன்னும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன். நமக்குப் பிணம் விழுந்தால்தான் கோபம் வருகிறது. பிணம் விழாத அடிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டு தட்டு’. தமிழ்நாட்டில் ரவுடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் போட்டோவைப் பார்த்து நாம் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? அத்தனை பாத்ரூமும் ஒரே மாதிரி எப்படி வழுக்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததால்தான் அது ஜோக். 2019 டிசம்பரில் ஐதராபாத் பக்கம், பெண் டாக்டர் கொலை வழக்கில் பிடித்த நாலு பேரைச் சுட்டபோது போலீஸ்மேல் பூத் தூவினார்கள், எங்கள் குரூப்பிலும் தூவினோம். சுட்டது கொல்லும் நோக்கத்தில்தான் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் பின்னால் சொன்னது, அந்தச் செய்தியை எங்கள் குரூப்பில் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மும்பைக்காரர்களுக்கு இந்த வியாதி இன்னும் பழசு. எத்தனை பேரைச் சுட்டார் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணி, என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட் என்று பட்டம் கட்டி, பத்திரிகை அட்டையில் போட்ட ஊர் இது. காட்கோபர் குண்டுவெடிப்பு வழக்கில் 2002 டிசம்பரில் பிடிக்கப்பட்ட குவாஜா யூனுஸ் என்ற 27 வயது மென்பொருள் என்ஜினியர், ஜீப்பில் கூட்டிப் போகும்போது தப்பி ஓடிவிட்டதாகப் போலீஸ் எழுதி வைத்தது. அந்தப் பையன் திரும்பவே இல்லை, அவனுடைய அம்மா கோர்ட்டுக்கு நடந்தே கிழவியானார். அந்த வழக்கில் சஸ்பெண்ட் ஆன போலீஸ்காரர்களில் ஒருவரான சச்சின் வாசே 2020 ஜூனில், விசாரணை முடியாமலே, திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டார். தேதியைக் கவனியுங்கள், சாத்தான்குளத்துக்காக நாடே கொதித்த அதே ஜூன். அடுத்த மார்ச்சில் வேறொரு பெரிய வழக்கில் அவர் கைதானதும்தான் பழைய கதையை எல்லோரும் தோண்டினார்கள்.

2020 வரையிலான 20 ஆண்டுகளில் காவலில் 1,888 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. போலீஸ்மேல் பதிவான வழக்குகள் 893, குற்றப்பத்திரிகை 358 பேர்மேல், தண்டனை 26 பேருக்கு. நான் பார்ப்பது அந்த 26ஐ இல்லை. இந்தக் கணக்கின் எந்தக் கட்டத்திலும் தம்பி கிடையாது. அவன் சாகவும் இல்லை, கைதாகவும் இல்லை.

இதில்தான் சூட்சுமமே. டி.கே.பாசு வழக்கில் 1996லேயே உச்ச நீதிமன்றம் எல்லாம் சொல்லிவிட்டது: கைது செய்தால் நேரம் தேதி போட்டு மெமோ எழுதணும், அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும், உறவுக்காரருக்குத் தகவல் சொல்லணும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கணும். எல்லாமே நல்ல விதிகள்தான். ஆனால் நடைமுறையில் அத்தனையும் கைது என்ற சொல்லை எழுதினால்தான் ஓட ஆரம்பிக்கும். ‘சும்மா விசாரணை’ என்று கூட்டிப் போனால் மெமோ இல்லை, டாக்டர் இல்லை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதும் இல்லை. ஆக, ‘கேஸ் போடாம விட்டுட்டாங்க’ என்று நாங்கள் கும்பிட்டோமே, அந்தக் கருணைதான் அடித்தவனுக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம். நாலாயிரம் கொடுத்து நாங்களே வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

கேமரா இருக்கிறதே என்பார்கள். வடாலா ரயில்வே போலீஸ் காவலில் ஒரு பையன் இறந்த வழக்கில், ஸ்டேஷன்களில் கேமரா வையுங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014லேயே உத்தரவு போட்டது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க, ஒலியோடு, 18 மாதப் பதிவை வைத்திருக்கிற மாதிரி வையுங்கள் என்றது. 2025 செப்டம்பரில் ஏன் இன்னும் வேலை செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது, டிஸ்க்கில் இடமும் தாராளமாக இருந்தது, தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே ஒரு கான்ஸ்டபிள் ‘உன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுடா’ என்றார். அந்தத் தைரியத்தின் ஊற்று அவருடைய திமிர் மட்டும் இல்லை, அதுவரை யாரும் எதுவும் புடுங்கியதில்லை என்ற அனுபவமும்தான்.

அந்த அனுபவத்தை உடைத்தவை எவை என்று பார்த்தால் எல்லாமே சின்னச் சின்ன பதிவுகள். சாத்தான்குளத்தில் தலைமைக் காவலர் ரேவதி, சக போலீஸ்காரர்கள் வெளியே நிற்கும்போதே, விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தம் இருக்கிறது என்று சாட்சி சொன்னார், மாஜிஸ்திரேட் அதை எழுதி வைத்தார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை நகைத் திருட்டு என்று அடித்துக் கொன்றார்கள், உடம்பில் 44 காயம். வலிப்பு வந்து விழுந்தார் என்றுதான் முதலில் எழுதினார்கள், கழிப்பறை ஜன்னல் வழியாக யாரோ எடுத்த சில வினாடி வீடியோதான் அந்த வலிப்பைப் பொய்யாக்கியது. மும்பையில் லக்கன் பையா என்பவரை 2006 நவம்பர் 11 அன்று பிடித்துக்கொண்டு போனார்கள், அன்று ராத்திரியே வெர்சோவாவில் என்கவுன்டர் என்றார்கள். ஆனால் வக்கீலான அவருடைய சகோதரர் அதற்கு முன்பே அதிகாரிகளுக்குத் தந்தி அடித்து, ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். சுட்ட நேரத்துக்கு முந்தைய நேரம் போட்ட காகிதம், அதை எப்படி அழிப்பது? அதுவும் சுலபமாக முடியவில்லை, முக்கிய சாட்சி கோர்ட்டுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு கொல்லப்பட்டார், என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட் பிரதீப் சர்மா என்ற பெரிய பெயருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுக்க 2024 மார்ச் ஆகிவிட்டது. 17 வருஷத்துக்கு மேல்.

அந்தத் தந்திக் கதையை நான் தம்பிக்குச் சொல்லியிருந்தேன். அவன் இப்போது சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கிறான், ஆறு மெஷின். போன வருஷம் எங்கள் சந்துப் பையன் ஒருவனை, பைக் காணாமல் போன விஷயமாக, சாயங்காலம் ஏழு மணிக்கு ‘சும்மா விசாரணை’ என்று கூட்டிப் போனார்கள். தம்பி நேராக ஸ்டேஷன் வாசலுக்குப் போய் அங்கிருந்தே அவசர உதவி எண் 112க்குப் போன் போட்டு, பையன் பெயர், கூட்டிப் போன நேரம், இப்போது தான் நிற்கிற இடம் எல்லாம் சொன்னான். அதையே கமிஷனர் ஆபீசுக்கு ஒரு மெயிலாகவும் போட்டான், தப்புத் தப்பான இங்கிலீஷில். உள்ளே போய், கைதா இல்லையா, இல்லையென்றால் ஏன் இங்கே இருக்கிறான் என்று கேட்டான். ‘தூ வகீல் ஹை க்யா?’ என்றார் ஒருவர். இல்லை சாப், பை தைக்கிறேன் என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். நாலு மணி நேரம். கால் ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான், பயம் வந்தால் அவனுக்குக் கால் ஆடும், 2013க்கு அப்புறம் வந்த பழக்கம்.

பையன் பதினொன்றரைக்கு வெளியே வந்தான். அறைகூட விழவில்லை. 112தான் காரணமா, அன்றைக்கு நல்ல ஆபீசர் டியூட்டியா, நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

சந்து முனையில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார், தம்பியைத் திட்டுவதற்கு. ஐநூறு ரூபாயில் முடிகிற விஷயம், கமிஷனர் வரைக்கும் போய் நாளைக்கு யார் மேல வஞ்சம் வைப்பாங்க, கம்பெனிக்கு லைசன்ஸ் கேட்டு வந்தா என்னல பண்ணுவ என்று அடுக்கினார். அவர் சொன்ன எதுவும் தப்பு இல்லை, அதுதான் கொடுமை. அதற்குள் பையனுடைய அம்மா ஓடிவந்து, மகன் கையையும் முதுகையும் தடவிப் பார்த்துவிட்டு, தம்பியிடம் மெதுவாகக் கேட்டார்:

‘அடிக்காம அனுப்பிட்டாங்களே, அவங்களுக்கு ஏதாச்சும் குடுத்துட்டு வரணுமாப்பா?’

தம்பி பதில் சொல்வதற்குள் சித்தப்பா பர்ஸை எடுத்துவிட்டார்.