ஒரு பிடி அரிசியின் கணக்கு

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘உக்கிராணக்காரன்’ என்றொரு சொல் வரும். உக்கிராணம் என்றால் சரக்கறை. சாவி அவன் இடுப்பில் தொங்கும். உள்ளே இருக்கும் நெல்லில் ஒரு மணியும் அவனுடையதல்ல. இப்போது சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) அந்தப் பொறுப்பை நேரம், திறமை, பொருள் என்று மூன்றாகப் பிரித்துப் பிரசங்கம் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் உக்கிராணக்காரன் வேலையில் பாதி அளப்பதும் எழுதிவைப்பதும்தான். அது பிரசங்கத்தில் வருவதே இல்லை.

வீடுகளில் சபைக்குக் காணிக்கையாக எடுத்துவைக்கும் பிடி அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். உலைக்கு அரிசியை அளந்த பிறகு, களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மூட்டையிலிருந்து எடுத்தால் வீட்டுக்குத் தெரியாது. அளந்ததிலிருந்து எடுத்தால் அன்றைய சோற்றில் ஒரு பிடி குறையும். பிடி சுமார் 40 கிராம் என்று வையுங்கள். நாளுக்கு ஒருவேளை என்றாலும் மாதம் 1.2 கிலோ, நூறு வீட்டுக்கு 120 கிலோ. மிசோரமில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கத்துக்கு ‘புஹ்ஃபாய் தாம்’ என்று பெயர். பெண்கள் வீடுவீடாகச் சேர்த்து விற்கும் அந்த அரிசிதான் அங்கே திருச்சபைப் பணிகளுக்குப் பெரிய கைகொடுப்பு.

கெடுவது பெரும்பாலும் சேகரிப்பில். புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. கடைக்காரரும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். சாக்கு தனித்தனியாகப் போக வேண்டும். ரேஷன் அரிசிக்கும் ஒரு சாக்கு. அதை விற்கக் கூடாது, சட்டச் சிக்கல் வரும். சபைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். (ரேஷன் அரிசி கொடுத்த வீட்டை ஏற இறங்கப் பார்க்க வேண்டாம். அவர்கள் உண்பதில் ஒரு பிடிதான் அது.) ஈரக் கையால் எடுத்துப் போட்டால் கட்டி தட்டும். இரண்டு மாதம் விட்டால் வண்டு விழும். மாதக் கடைசிச் சனிக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துவிடுவது நல்லது. வாசலிலேயே எடைபோட்டு, நோட்டில் எழுதி, டப்பாவை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். டப்பா நம் கையோடு வந்துவிட்டால் மறுநாள் பிடி போட இடமில்லை; அந்த வீட்டில் பழக்கம் அன்றே நின்றுவிடும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆலயத்தில் வாசிக்காதீர்கள். மொத்த எடை போதும்.

அறுப்பின் பண்டிகையில், சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைபொருள்களை ஏலம் விடுவதில் வேறு தலைவலி. ஒரு பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும், எல்லாரும் கைதட்டுவார்கள், பணம் அடுத்த பண்டிகை வரை வராது. ஏலம் முடிந்ததும் பெயர், பொருள், தொகை மூன்றையும் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரம் தவணை. வந்த பணத்தை மட்டும் வரவில் காட்டுங்கள், வராததைப் பாக்கிப் பக்கத்தில் எழுதுங்கள். கீரை, முட்டை, கோழியை முதலில் ஏலம் விட்டுவிடுங்கள். வெயிலில் கால் கட்டிப் போட்ட கோழி மதியம் வரை தாங்காது.

ஞாயிறு காணிக்கையை உறவுமுறை இல்லாத மூன்று பேர் அன்றே எண்ணி, தாளில் கையெழுத்திட வேண்டும். அவசரச் செலவுக்கு என்று தட்டிலிருந்து நேரே எடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எடுத்தவர் நேர்மையானவராகவே இருக்கலாம்; ஆனால் எண்ணியதற்கும் வங்கியில் கட்டியதற்கும் உள்ள இடைவெளியை ஆறு மாதம் கழித்து அவராலேயே விளக்க முடியாது. முழுத் தொகையும் முதலில் வங்கிக்குப் போகட்டும், செலவுக்கு வவுச்சர் போட்டு எடுக்கலாம். கூரைக்கு என்று வாங்கியது கூரைக்கு மட்டும். வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டை சபைப் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகிறதா என்று வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். மேலே வேறு அட்டையை ஒட்டிவிடும் திருட்டு இப்போது சகஜம்.

சபைக்கு என்ன வேலை செய்துதர முடியும் என்று ஒவ்வொருவரும் எழுதித் தரும் திறமைப் படிவத்தைக் கொடுத்து வாங்குவது எளிது, அது பீரோவுக்குள் போய்விடுவது அதைவிட எளிது. இரண்டு வாரத்துக்குள் யாரும் கூப்பிடாவிட்டால் எழுதிக் கொடுத்தவர் அடுத்த வருடம் எழுத மாட்டார். கூப்பிடும்போதும் ‘எலக்ட்ரீஷியன் தம்பி, ஆலயத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ‘பலிபீடத்துப் பக்கம் ரெண்டு ஃபேன், வர்ற சனிக்கிழமை, வயர் சபைச் செலவு’ என்று சொல்லுங்கள்.