நிறுத்தி வைத்த மின்னஞ்சல்

“சார், நீங்க அந்த மெயிலைப் படிச்சீங்களா?” என்று எங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டபோது, “விதியில் சிக்கின வரிகளை மட்டும்தான் பார்த்தேன்” என்று பதில் சொன்னேன். அலுவலக மின்னஞ்சல் வழியே பிறருடைய தகவல் வெளியே போய்விடாமல் பார்ப்பது என் வேலை. அந்தப் பேச்சு நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு வெளியே செல்லும் மின்னஞ்சல்களில் எத்தனையோ ஆயிரத்தை நிறுத்தியும் விடுவித்தும் இருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட மனத்தில் தங்கவில்லை. அந்தக் கேள்வியும் என் பதிலும் மட்டும் அகல மறுக்கின்றன.

அந்த அஞ்சல் மாலை ஆறு மணிக்கு மேல் தடுப்பு வரிசையில் வந்து விழுந்தது. அலுவலக முகவரியிலிருந்து தம் சொந்த முகவரிக்கு அவர் அனுப்பியிருந்தார். இணைப்பில் ஓர் எக்செல் கோப்பு இருந்தது. ஓவர்டைம் பட்டியல், 214 பேருடைய பெயர், பணியாளர் எண், வங்கிக் கணக்கு எண், வேலை செய்த மணிகள், தொகை. பத்துக்கு மேற்பட்ட கணக்கு எண்கள் வெளி முகவரிக்குப் புறப்பட்டால் அஞ்சலை நிறுத்த வேண்டும் என்பது விதி. மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்து, எண்களை மஞ்சள் நிறத்தில் காட்டியது. அந்த மஞ்சளுக்கு மேலே அவர் எழுதியிருந்த கடிதமும் இருந்தது.

அதை ஏன் படித்தேன் என்பதற்கு என்னிடம் நியாயம் உண்டு, அதை இன்னும் நம்புகிறேன். கடன் அட்டை எண்ணாக இருந்தால் கணினி ஓரளவு தானே சரிபார்த்துவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் வகுத்த கணக்கு ஒன்று அதற்கு இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, ஈரிலக்கமாக வந்தால் அவ்விரண்டையும் தனித்தனியே எடுத்து, எல்லா இலக்கங்களையும் கூட்டினால், மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அதிலும் மனம்போன போக்கில் தட்டிய எண்களில் பத்தில் ஒன்று தேறிவிடும். வங்கிக் கணக்கு எண்ணுக்கோ எல்லா வங்கிகளுக்கும் பொதுவான அப்படியொரு சோதனை கிடையாது. எண்ணின் நீளத்தையும், பக்கத்தில் ‘கணக்கு’ என்ற சொல் இருக்கிறதா என்பதையும் வைத்துத்தான் பிடிக்கிறோம். அதனால் ரசீது எண்களும் பார்சல் எண்களும் நாள்தோறும் மாட்டிக்கொள்கின்றன. யார், யாருக்கு, எதற்காக அனுப்புகிறார் என்று தெரியாமல் ஒரு மனிதரால் முடிவு செய்ய இயலாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கடிதத்தைப் படித்தாக வேண்டும்.

படித்தேன். முதல் பத்தியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மணிகளைத் தொகுப்பது அவருடைய பொறுப்பு. அவர் பதிந்த மணிகள், மேலாளர் ஒப்புதல் தந்த பிறகு அவருக்கும் வேறு நான்கு பேருக்கும் குறைந்து காணப்பட்டன. அதைக் குறித்து நிர்வாகத்துக்கு எழுதவிருந்த புகாரின் முதல் வடிவம் அது. அலுவலகக் கணினியில் இருந்தால் ஆதாரம் காணாமல் போய்விடுமோ என்ற அச்சத்தையும் நான்காவது பத்தியில் எழுதியிருந்தார். முதல் பத்தியோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: விடுவிப்பது, தடுப்பது, தடுத்துவிட்டு மேலாளரின் விளக்கம் கேட்பது. சொந்த முகவரிக்குப் போகும் அஞ்சல் என்றால் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நடைமுறைக் குறிப்பில் எழுதியிருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். அறிவிப்பு, அஞ்சலின் நகலோடு, யாரைப் பற்றிப் புகார் எழுதப்பட்டிருந்ததோ அவருக்கே போய்ச் சேர்ந்தது. அவருக்குத்தான் போகும் என்பது பொத்தானை அழுத்தும்போதே எனக்குத் தெரியும்.

அஞ்சலை நிறுத்தியது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி தரும்போது ஒரு நிகழ்வைத் தவறாமல் சொல்வேன். 2014 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர், ஜி20 மாநாட்டுக்கு வரவிருந்த 31 தலைவர்களின் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் முதலியவை அடங்கிய அஞ்சலைக் கால்பந்துப் போட்டி அமைப்பாளர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார். முகவரிக் கட்டத்தில் தானாக நிரம்பிய பெயரைச் சரிபார்க்காததே காரணம். வெளியே போன அஞ்சலைத் திரும்பப் பெற முடியாது. ‘ரீகால்’ என்பது ஒரே அமைப்புக்குள் மட்டும் ஏதோ வேலை செய்யும். அந்தப் பட்டியலில் இருந்த மற்ற 209 பேருக்கும் தங்கள் கணக்கு எண் ஒருவருடைய சொந்த அஞ்சல் பெட்டியில் கிடக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை இருந்தது. அவர்கள் சார்பில் அங்கே உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் இந்த எடுத்துக்காட்டு அவருக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கும்போது தடுமாறுகிறேன். அங்கே முகவரி தவறியது. இவரோ எந்த முகவரிக்கு அனுப்ப நினைத்தாரோ அந்த முகவரியைத்தான் எழுதியிருந்தார்.

அவரைத் தொலைபேசியில் அழைத்து, “மத்தவங்க வரிகளை எடுத்துட்டு அனுப்புங்க” என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நடைமுறைக் குறிப்பு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை. வரிசையில் இன்னும் நாற்பதுக்கு மேல் அஞ்சல்கள் காத்திருந்தன என்பது உண்மை. அவரிடம் பேசினால் நான் படித்தது வெளிப்பட்டுவிடும் என்று தயங்கியதும் உண்மை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். மேலாளர் அழைத்துக் கேட்டிருந்தார். என் முன்னால் நின்றவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்பே மிகுதியாக இருந்தது. படித்தேன் என்று சொன்னால், பிறகு ஏன் மேலாளருக்கே அனுப்பினீர்கள் என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. படிக்கவில்லை என்றால் குற்றம் விதியுடையதாகிவிடும். ‘விதியில் சிக்கின வரிகள்’ என்ற சொற்கள் வாயில் தயாராக இருந்ததுபோல் வந்தன. உண்மையிலேயே படிக்காதவனாக இருந்திருந்தால் நான் செய்ததில் பிழையில்லை. படித்தவனாக நடந்திருந்தால் அந்த அஞ்சல் விதிமுறைக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போயிருக்கும். படித்துவிட்டு, படிக்காதவனைப் போல முடிவெடுத்து, அந்த முடிவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். “சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நான் எழுதிக் கேட்டு, நான்காவது வழி ஒன்று சேர்க்கப்பட்டது. அஞ்சலில் மேலதிகாரியைப் பற்றிய குறை இருந்தால் அறிவிப்பு அவருக்குப் போகாமல் நேராகக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போகும். அது வந்ததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் குறை இருக்கிறதா என்று அறிய அஞ்சலை முழுவதும் படிக்க வேண்டும். முன்பு என் தயக்கத்தோடு நடந்த காரியம் இப்போது என் கடமையாகிவிட்டது. இது முன்னேற்றமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஊழியர்களுக்கான அறிவிப்பில் ‘வெளிச்செல்லும் மின்னஞ்சல்கள் தானியங்கி முறையில் பரிசோதிக்கப்படும்’ என்று இருக்கிறது. ‘தேவைப்பட்டால் ஓர் அலுவலர் அவற்றை முழுமையாகப் படிப்பார்’ என்ற வரியையும் சேர்க்குமாறு இரண்டு முறை எழுதினேன். ஊழியர்கள் அஞ்சுவார்கள், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார். தடுத்த அஞ்சல் 30 நாளில் வரிசையிலிருந்து தானாக அழிந்துவிட்டது. அதன் நான்காவது பத்தியை என்னால் இப்போதும் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.