வயாவின் அடியில் தொங்கும் வேண்டாத செம்பு

2.4 மி.மீ. தடிமன் சர்க்யூட் போர்டில், பிசிஐஇ 5.0 (கணினிக்குள் அதிவேகத் தரவு இணைப்பு) லைன் ஒன்றை வயா (லேயர்களை இணைக்கும், செம்பு பூசிய துளை) வழியாக மேல் லேயரிலிருந்து மூன்றாம் லேயருக்கு இறக்குகிறோம் என்று வையுங்கள். டிரேஸ் (செம்புப் பாதை) அங்கேயே விலகிவிடும். துளைக்குள் பூசிய செம்போ அடிவரை போகும். மிச்சமிருக்கும் சுமார் 2 மி.மீ.தான் ஸ்டப். அதன் முனையில் மோதித் திரும்பும் அலை, கால் அலைநீளம் பொருந்தும் அதிர்வெண்ணில் சிக்னலையே விழுங்கிவிடும்.

போர்டுப் பொருளின் மின்காப்பு மாறிலி 4 என்றால் அலையின் வேகம் நானோ நொடிக்கு 150 மி.மீ. அதை ஸ்டப் நீளத்தின் நான்கு மடங்கால், அதாவது 8 மி.மீ.-ஆல், வகுத்தால் ஏறத்தாழ 19 கிகாஹெர்ட்ஸ். இந்த எண்ணை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. பேடுகளும் (துளையைச் சுற்றிய செம்பு வளையங்கள்) பிளேன்களும் (லேயரில் அகலப் பரவிய செம்பு) கூட்டும் கெப்பாசிட்டன்ஸ், சிக்னல் விழுங்கப்படும் இந்தப் பள்ளத்தை இன்னும் குறைந்த அதிர்வெண்ணுக்கு இழுக்கும். பிசிஐஇ 5.0-இன் நைக்விஸ்ட் அதிர்வெண் (பிட் வேகத்தில் பாதி) 16 கிகாஹெர்ட்ஸ். பள்ளம் சரியாக அங்கேயே வந்து விழலாம்.

ஸ்டப்பைக் குறைக்கச் செலவில்லாத வழி, லைனை அடி லேயருக்கு அருகில் ஓட்டுவது. முடியாவிட்டால் பேக்டிரில், அதாவது வேண்டாத செம்பை அடியிலிருந்து துளையிட்டு நீக்குவது. அந்த டிரில் அசல் துளையைவிட 0.2 மி.மீ. அளவுக்குப் பெரியது, எனவே அது கடக்கும் லேயர்களில் பக்கத்து டிரேஸ்களுக்குக் கூடுதல் இடைவெளி விடாவிட்டால் அவற்றையும் சீவிவிடும். எந்த லேயரை வெட்டக் கூடாது என்பதை ஃபேப் டிராயிங்கில் (போர்டு தயாரிப்பாளருக்குத் தரும் வரைபடம்) லேயர் எண்ணோடு எழுதுங்கள், ஆழத்தை மட்டும் எழுதாதீர்கள். 0.25 மி.மீ. ஸ்டப் மிஞ்சினால் பரவாயில்லை.

டிஃபரென்ஷியல் ஜோடிக்கு (ஒரே சிக்னலை எதிரெதிராகச் சுமக்கும் இரு லைன்கள்) ஆன்டிபேடை (வயாவைச் சுற்றிப் பிளேனில் விடும் செம்பில்லா இடம்) ஒரே நீள்வட்டமாக இணைத்து, இரு பக்கமும் ஒட்டிப் பக்கத்துக்கு ஒரு கிரவுண்ட் வயா வையுங்கள். பயன்படாத உள் பேடுகளை நீக்கிவிடுங்கள்.